படித்துக் காட்டாத பதினோராம் பத்தி

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருஷம் காப்புரிமை வழக்குகளுக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவனாயிற்றே, கைவசம் நாலு வெற்றிக் கதை இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வெற்றிக் கதைகளை உங்கள் மேலாளர்களே சொல்வார்கள், கவலைப்படாதீர்கள். அவர்கள் சொல்லாததைச் சொல்லத்தான் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆள் வேண்டும். இனிமேல் என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது பாருங்கள்.

நம் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ தெரியாது. நான் இப்படிச் சொல்வேன். ஒருவன், "இதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்" என்று காப்புரிமை வாங்கி வைத்திருப்பான். அதை வைத்து இன்னொருவன் மேல் வழக்குப் போடுவான். அந்த இன்னொருவன் நம்மிடம் ஓடி வருவான். முதலாமவனுக்கு முன்பே உலகத்தில் எந்த மூலையிலாவது யாராவது அதைச் செய்து, நாலு பேர் பார்க்கக் காட்டியிருக்கிறார்களா என்று நாம் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் காப்புரிமை செல்லாது. அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். நான் சேர்ந்த முதல் வருஷம், ஒரு கல்லூரிப் பேராசிரியரின் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அவர் மேஜையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தேதி எங்கேப்பா?" என்றார். தேதி இல்லை. "இது பூஜை அறையில் வைக்க உதவும். முதலில் செய்தவனைத் தேடாதே. முதலில் செய்ததற்குத் தேதி வைத்திருக்கிறவனைத் தேடு" என்றார். அன்றைக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அந்த வார்த்தையில்தான் முப்பது வருஷம் சாப்பிட்டேன்.

தொடுதிரைப் போன்கள் வந்து சில வருஷங்களில் ஒரு கூத்து ஆரம்பித்தது, உங்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். விரலை இப்படித் தேய்த்தது யார் முதலில், அப்படிக் கிள்ளியது யார் முதலில், இரண்டு விரலை விரித்தது யார் முதலில் என்று கம்பெனிகளுக்குள் உலகம் முழுக்கச் சண்டை. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் விரலுக்காக அடித்துக்கொண்டார்கள். குழாயடிச் சண்டை தோற்றது போங்கள். எங்கள் அலுவலகத்துக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. வெளிநாட்டில் நடந்த வழக்கு. எங்கள் கட்சிக்காரர் ஒரு போன் கம்பெனி. எதிர்க்கட்சியும் ஒரு போன் கம்பெனி.

சண்டைக்குக் காரணமான விரல் அசைவு இதுதான். திரையில் ஒரு இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் பக்கத்தில் இழுத்தால், பிடித்த இடம் ஆடாமல் நிற்கும், மற்றதெல்லாம் விரியும். இப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அசைவை நான் மாற்றித்தான் எழுதுகிறேன், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுத எனக்கும் உரிமை இல்லை.

எட்டு மாதம் தேடினேன். எந்த நாட்டு ஆய்விதழையும் விடவில்லை, எந்த மாநாட்டு மலரையும் விடவில்லை. காலையில் திருத்தணியில் ரயில் ஏறி உட்கார்ந்தால் சென்னையில் இறங்கும்வரை கண்ணில் காகிதம்தான். ஒன்றும் அகப்படவில்லை. பெரியவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும், "என்னப்பா?" என்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் எங்கள் தெரு சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன். சலூன்காரருக்கு நான் ஏதோ போன் சம்பந்தமான கேஸ் பார்க்கிறவன் என்று தெரியும்.

"சார், அம்மையார்குப்பத்துல ஒரு பெருசு கீறாரு, தெரியுமா? போன்ல விரல வெச்சி இழுக்கறது நான் கண்டுபுடிச்சதுன்னு சொல்லிகினு திரியறாரு. ஊரே சிரிக்குது சார்."

நானும் சிரித்தேன். "எப்படி இழுக்கிறதாம்?"

அவர் சோப்பு நுரையோடு கட்டை விரலைக் கண்ணாடியில் அழுத்தி வைத்தார். ஆள்காட்டி விரலைப் பக்கத்தில் வைத்து இழுத்தார். "இப்டி சார். துணிய புடிச்சி எழ எண்ற மாதிரி."

நான் பாதி மழித்த முகத்தோடு எழுந்துவிட்டேன். "உக்காருங்க சார், கத்தி பட்டுடும்" என்று அவர் கத்தினார். உலகத்தையே சல்லடை போட்டுச் சலித்தவனுக்கு, வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே ஆர்.கே. பேட்டை பஸ்ஸில் போனேன். அந்த மனிதரை முனிரத்தினம் என்று சொல்லிவைக்கிறேன். அறுபது வயது இருக்கும். வீட்டோடு விசைத்தறி. அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்து காது பாதி போய்விட்டது. அதனால் அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மகள் காஞ்சனா. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். புடவைக்கு பார்டர் டிசைன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவர் மகளைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாரு? இவரும் கிண்டல் பண்ண வந்தாரா?"

"இல்ல நைனா! நெசமாலுமே கேக்கறாரு!" என்று அவர் காதருகே கத்தினாள் காஞ்சனா.

நடந்தது இதுதான். தொடுதிரைப் போன்கள் வருவதற்குச் சில வருஷம் முன்னால், காஞ்சனா போடுகிற டிசைனைத் தறிக்காரர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு மவுஸ் பிடிக்க வரவில்லை. அவள் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து, இரண்டு விரலையும் உணரும் அபூர்வமான தொடுதிரை ஒன்றை வாங்கி வந்தாள். முனிரத்தினம் திரையில் தெரிந்த பார்டரைத் துணி என்றே நினைத்து, இழை எண்ணுகிறவர்கள் பிடிக்கிற மாதிரி கட்டை விரலால் அழுத்தி, மற்ற விரலால் இழுத்திருக்கிறார். படம் ஓடிப்போயிற்று.

"நான் திட்டினேன் சார்" என்றார். "துணின்னா புடிச்சா நிக்கணும். இது இன்னாத்துக்கு ஓடுது? ஓடறத வெச்சி நான் எப்டி எழ எண்றதுன்னேன்."

மகள் பத்து நாள் உட்கார்ந்து, பிடித்த இடம் நிற்கிற மாதிரி புரோகிராம் எழுதினாள். நெசவாளர் சங்கக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். கலெக்டர் வந்து, விரலை வைத்து இழுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அதோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் மனைவியின் தம்பி ஏகாம்பரம் புதுப் போன் வாங்கிவந்து காட்டினான். முனிரத்தினம் அதில் விரல் வைத்தார். பிடித்த இடம் நின்றது. "டேய், இது என்னுதுடா!" என்று கத்தினார். அவர் கத்தினால்தான் தெருவுக்கே கேட்குமே.

அன்றிலிருந்து விடிந்தது அவர் பாடு. ஏகாம்பரம் கெட்டவன் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால் அக்காள் புருஷனைப் பார்த்து, "பாவா, கரண்ட்டு யாரு கண்டுபுடிச்சது? நீதான?" என்பான். பந்தியே சிரிக்கும். இவரும் விடமாட்டார். உண்மை என்று வாதாடுவார். வாதாட வாதாடச் சிரிப்பு கூடும். கடைசியில் அவர் கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காஞ்சனா இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"தேதி இருக்கிறதா?" என்று கேட்டேன். நமக்கு அதுதானே கேட்கத் தெரியும்.

இருந்தது. கண்காட்சியை ஊர்க் கல்யாண வீடியோக்காரர் எடுத்த சி.டி. இருந்தது. அதில் முனிரத்தினம் கட்டை விரலை வைத்து இழுப்பது தெளிவாகத் தெரிந்தது. மூலையில் ஓடிய தேதி மட்டும் சுத்தத் தப்பு. கேமராவில் தேதியைச் சரிசெய்கிற பழக்கம் அந்த வீடியோக்காரருக்கு இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது அந்த அம்மாள், முனிரத்தினத்தின் மனைவி, சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். கலெக்டர் அதே திரையில் விரல் வைத்து நிற்கிற செய்தித்தாள் படம். மேலே நாளிதழின் தேதி. எதிர்க்கட்சியின் காப்புரிமைக்கு முந்தைய தேதி.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடுகிறவர்களுக்கு மட்டும் புரியும் சந்தோஷம் அது.

ஒன்றை மட்டும் நான் நேர்மையாகச் சொன்னேன். இதனால் அவருக்குக் காப்புரிமை வராது, போன் கம்பெனிகள் அவருக்கு எதுவும் கொடுக்கப்போவதில்லை, ஊர் பார்க்கக் காட்டிவிட்ட பிறகு அது எல்லாருக்கும் பொது என்று விளக்கினேன்.

அவர் கையை ஆட்டினார். "எனக்கு ஒன்னும் வாணாம் சார். ஊர்ல என்னைப் பொய்யன்னு சொல்றாங்க. பொய்யில்லன்னு ஒரு காயிதம் வந்தா போதும். அந்த ஏகாம்பரத்து மூஞ்சியில காட்டிட்டு செத்துப்போயிடுவேன்."

"வரும்" என்றேன். "தீர்ப்பிலேயே உங்கள் பெயர் வரும்."

சரி, இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

இங்கிலீஷ் தெரியாத சாட்சியிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது, ஒருவர் அதை வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டியவர் அடியில், "தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன், புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட வேண்டும். நீங்களும் போடப்போகிறீர்கள். ஏதோ சடங்கு மாதிரி இருக்கும். நானும் நூறு முறை சடங்காகத்தான் போட்டிருக்கிறேன்.

பத்திரங்கள் வெளிநாட்டுக்குப் போய்ச்சேர மறுநாள்தான் கடைசி. முனிரத்தினத்தையும் காஞ்சனாவையும் திருத்தணியில் ஒரு நோட்டரியின் அறைக்கு வரச்சொன்னேன். சின்ன அறை. நோட்டரி கோர்ட்டுக்குக் கிளம்பக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். இரண்டு பத்திரம். ஒன்று, நடந்ததைச் சொல்லும் பிரமாணப் பத்திரம். இன்னொன்று, எங்கள் கட்சிக்காரரோடு அவர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

பிரமாணப் பத்திரத்தில் காஞ்சனா பெயரை முதலில் போட்டிருந்தார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நைனா பேரு மேல வரணும் சார். நான் புரோகிராம்தான் எழுதுனேன். கை அவரு கை." மாற்றி எழுதினோம். அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். "இந்த முறையை முதன்முதலில் செய்து காட்டியவர் முனிரத்தினம்" என்ற வரி வந்ததும் அவர், "ஒரு தபா இன்னும்" என்றார். படித்தேன். "இன்னொரு தபா." மூன்று முறை படித்தேன். நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒப்பந்தத்தில் பதினோராம் பத்தி வந்தது. நான் அதை முதல் நாளே படித்திருந்தேன். இந்த விஷயத்தைப் பற்றிக் கட்சிக்காரர் எழுத்தில் அனுமதி கொடுக்கும்வரை எவரிடமும், எக்காலத்திலும் பேசக் கூடாது என்றும், அனுமதி கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கட்சிக்காரருக்கு இல்லை என்றும் இருந்தது. கேட்டால் பொருளையும் ஆதாரங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்றும் இருந்தது. இதைப் படித்தால் காஞ்சனா பேனாவைக் கீழே வைத்துவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாத உழைப்பு, நாளைக்குக் கடைசி நாள், நோட்டரி வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார்.

"பதினொன்னு சாதாரண விஷயம்தாம்மா" என்றேன். "கேஸ் முடியற வரைக்கும் வெளியில பேசக்கூடாதுன்னு இருக்கு."

"முடிஞ்சப்பறம் சார்?"

"முடிஞ்சப்பறம் ஊருக்கே சொல்லலாம்."

காஞ்சனா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த வக்கீல் இங்கிலீஷு ஒன்னும் புரியல சார். நீங்க சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டாள். அவரும் நாக்கைத் துருத்திக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். அடியில் நான் போட்டேன். படித்துக் காட்டி விளக்கினேன் என்று.

முழுப் பொய் சொன்னதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. வழக்கு நடந்து தீர்ப்பு வந்தால் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும், பதினோராம் பத்திக்கு வேலையே இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் தீர்ப்பு வரைக்கும் போகாது என்பது தெரியாத குழந்தையா நான்? தெரிந்தேதான் செய்தேன்.

அந்த ஆதாரம் போய்ச்சேர்ந்ததும் எதிர்க்கட்சி ஆடிப்போய்விட்டது. பெரியவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். அலுவலகத்தில் எனக்குப் பிரியாணி வாங்கிப்போட்டார்கள். சில மாதத்தில் இரண்டு கம்பெனிகளும் ராசியாகிவிட்டன. நீ என்னுடையதைப் பயன்படுத்திக்கொள், நான் உன்னுடையதைப் பயன்படுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் யாரும் கிட்டே வராமல் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று கை குலுக்கிவிட்டார்கள். இப்போது அந்தக் காப்புரிமை உயிரோடு இருப்பது இரண்டு பேருக்குமே லாபம். நேற்றுவரை எங்கள் கட்சிக்காரருக்கு அமிர்தமாக இருந்த முனிரத்தினம் இன்றைக்கு விஷமாகிவிட்டார்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அனுமதி கிடையாது, பழைய திரையையும் சி.டி.யையும் அந்தச் செய்தித்தாள் படத்தையும் வாங்கி வரவேண்டும் என்றார். அவருக்கும் முகம் நன்றாக இல்லை. நான் எழுந்தபோது, "இரு" என்றார். "அந்தப் பதினோராம் பத்தியை நீ அவர்களுக்குச் சரியாகப் படித்துக் காட்டினாய் அல்லவா? இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு. அந்த ஒப்பந்தம் நிற்காது. கம்பெனிக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

பிள்ளைகளே, இதற்கு மேல் ஒரு மனிதர் கதவைத் திறந்துவைக்க முடியாது. "இல்லை சார்" என்ற இரண்டே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் என் கையெழுத்துக்கு மேலே பொய் இருந்தது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நான் தேடிக் கொடுக்கும் எதையும் எந்த நீதிமன்றமும் நம்பாது. தொழில் போய்விடும்.

"படித்துக் காட்டினேன் சார்" என்றேன்.

என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதரின் பெயரைக் கொடுத்தேன். இதை எப்படி நாசூக்காக எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை, அப்படியே எழுதிவிட்டேன்.

அம்மையார்குப்பத்துக்கு ஒரு ஆட்டோ பேசிக்கொண்டு போனேன். திண்டாடித் திண்டாடி விஷயத்தைச் சொன்னேன்.

"கேஸ் முடியற வரைக்கும்னுதான சார் சொன்னீங்க?" என்றாள் காஞ்சனா.

"பத்திரத்துல அப்படி இல்லம்மா."

அவள் உள்ளே போய் நகலை எடுத்துவந்தாள். பதினோராம் பத்தியை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். "கீழ உங்க கையெழுத்து கீது சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னாம்மா? பேரு வந்துச்சா?" என்று முனிரத்தினம் கத்தினார். அவள் அவர் காதில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் நான் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதா?"

"கூடாது நைனா."

"எப்பவும்?"

அவள் நகலை மடித்தாள்.

"கையெழுத்து போட்டேனா? போட்டேன். அப்பால இன்னா பேச்சு?" என்றார். எழுந்து திரையின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். "வாங்க சார், ஒரு கை புடிங்க. கனமா கீது." அந்த அம்மாள் செய்தித்தாள் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். சுவரில் அது மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

திரை ஆடாமல் பிடித்துக்கொள்ள அவரும் ஆட்டோவில் ஏறினார். வழியில் ஆர்.கே. பேட்டை பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் நிற்கும் டீக்கடை. அங்கே ஏகாம்பரம் நாலைந்து பேரோடு நின்றுகொண்டிருந்தான். முனிரத்தினம் என்னோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குறுக்கே வந்து நிறுத்தினான்.

"இன்னா பாவா, டிவிப் பொட்டியத் தூக்கிகினு எங்க கெளம்பிட்ட? அதான அது, நீ கண்டுபுடிச்ச போனு?" என்றான். டீக்கடை சிரித்தது. "யாரு சார் நீங்க? மியூசியத்துல வெக்கப்போறீங்களா?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு. இத்தனை வருஷமாக எதற்காகக் காத்திருந்தாரோ, அந்த ஆட்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். உண்மை தெரிந்த நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"காயலாங்கடைப்பா" என்றேன். "பழைய சாமான் எடுக்க வந்தேன்."

டீக்கடை கொல்லென்று சிரித்தது. "கேட்டியா பாவா? காயலாங்கடைக்குப் போவுது உன் கண்டுபுடிப்பு!"

முனிரத்தினம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். வாதாடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆங். சும்மா சொல்லிகினு இருந்தேம்பா. பொய்தான்" என்றார்.

அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். ஏகாம்பரம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "அப்பாடா, ஒத்துக்கினாருடா!" என்று கையைத் தட்டினான். "எல்லாருக்கும் டீ வாங்கிக் குடு பாவா, வுட்டுடறோம்." அவர் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. நானும் குடித்தேன். அந்த டீயை நான் ஏன் குடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கீழே ஊற்றியிருக்கலாம்.

நீங்கள் கேட்கலாம். அன்றைக்கே பெரியவரிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். திருத்தணிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், இந்த வேலை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். இடையில் பெரியவர் போய்ச்சேர்ந்துவிட்டார். அதன் பிறகு கதவைத் திறந்துவைக்க ஆள் இல்லை. நான் ஓய்வு பெற்றபோது சால்வை போட்டுப் பேசியவர்கள், என் கையெழுத்து இருந்தால் எந்த நீதிமன்றமும் மறுபேச்சில்லாமல் ஏற்கும் என்றார்கள். கை தட்டினீர்களே, உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். சாட்சி கையெழுத்துப் போடும்போது அவருக்குப் பிடித்த வரியை மூன்று முறை படிக்காதீர்கள். அவருக்குப் பிடிக்காத வரியை ஒரு முறை படியுங்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தால் வைக்கட்டும். கடைசி நாள் தவறினால் தவறட்டும், வழக்கு தோற்றால் தோற்கட்டும். கட்சிக்காரர்கள் நாளைக்கே ராசியாகிவிடுவார்கள். அந்த மனிதர் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

போன வருஷம் சலூன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "சார், அந்த அம்மையார்குப்பத்துப் பெருசு, போன் கண்டுபுடிச்சேன்னு சொல்வாரே, செத்துப் பூட்டாராம்."

மூன்றாம் நாள் போனேன். தறி ஓடவில்லை. வாசலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏகாம்பரம் மழிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"காயலாங்கடைக்காரர்தான நீங்க? ஒரு தபா சாமான் எடுத்துகினு போனதுக்கு சாவுக்கு வந்துகீறீங்களே சார். பெரிய மனசு."

நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு என்னை உட்காரவைத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். நடிப்பில்லை, நிஜமான அழுகை.

"எங்க பாவா மாதிரி மனுஷன் கெடைக்கமாட்டாங்க சார். நூல்ல ஒரு எழ ஏமாத்தினது கெடையாது. வாழ்க்கையில ஒரே ஒரு பொய்தான் சொன்னாரு. அதையும் ஒத்துக்கினாரு. உங்க முன்னாலதான சார் ஒத்துக்கினாரு? நீங்களே சாட்சி."

காஞ்சனா தண்ணீர்ச் சொம்போடு வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொன்னேன்.